மறைந்த மோப்ப நாய்க்கு நினைவு மலர்: ஹேண்ட்லரிடம் என்ன கேட்பது, எதை எழுதுவது?

நூல்கண்டு:
வணக்கம். வெடிகுண்டு மோப்பப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, அண்மையில் இறந்துபோன ஒரு லாப்ரடாருக்கு நான்கு பக்க நினைவு மலர் தயாராகிறது. தொகுக்கும் பொறுப்பு என்னிடம். பிரிவில் சேர்ந்த தேதி, பயிற்சி முடித்த தேதி, பதக்கங்கள், கண்டுபிடித்த பொருட்களின் பட்டியல், இவ்வளவுதான் கையில் இருக்கிறது. ஹேண்ட்லரிடம் (நாயோடு பணியாற்றி அதை நடத்தியவரிடம்) பேசினால் "நல்ல நாய்ங்க, சொன்ன பேச்சு கேட்கும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அழுத்திக் கேட்க மனம் வரவில்லை. இருவருக்கும் இருந்த பிணைப்பு படிப்பவருக்குப் புரிய வேண்டும். "வாயில்லா ஜீவனின் நன்றி" என்று வழக்கமான வரிகளைப் போட்டு நிரப்ப விருப்பமில்லை. விஷயம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

நீளக்கயிறு:
பட்டியலை ஒதுக்கிவிட வேண்டாம், ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். மும்பை போலீஸின் ஜஞ்சீர் என்ற மோப்ப நாயை இன்றும் பேசுகிறார்கள் என்றால் அதில் எண்களுக்கும் பங்கு உண்டு. 1993 தொடர் குண்டுவெடிப்பை ஒட்டி 3,329 கிலோவுக்கு மேல் ஆர்.டி.எக்ஸ்., 600 டெட்டனேட்டர்கள், 249 கையெறி குண்டுகள், 6,406 தோட்டாக்கள் என்று அதன் கணக்கு. 2000 நவம்பரில் முழு போலீஸ் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஆனால் எண்கள் நாயின் உழைப்பைத்தான் சொல்லும். கயிற்றின் மறுமுனையில் நின்றவர் யார், அவர் என்ன செய்தார் என்று சொல்லாது.

ஹேண்ட்லரிடம் பாசத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். இந்த வேலையில் இருப்பவர்கள் அதைப் பேசிப் பழகியவர்கள் இல்லை. "வாசனை பிடிச்சதும் உங்க நாய்க்கு முதல்ல எது மாறும்? வாலா, காதா, மூச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். மணிக்கணக்கில் பேசுவார்.

காரணம் சொல்கிறேன். பொருளைக் கண்டதும் நாய் உட்கார்வதை எல்லோரும் பார்க்கிறோம். அது கற்றுக்கொடுத்தது. வெடிபொருளைக் கீறவோ கடிக்கவோ கூடாது என்பதால், அசையாமல் உட்கார்ந்து பார்க்கப் பழக்கியிருப்பார்கள். அதற்குச் சில விநாடிகள் முன்பே நாயின் உடம்பில் ஒரு மாற்றம் வரும். அதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டே வரும் நாய் திடீரென்று வாயை மூடும். இளைத்துக்கொண்டே சரியாக முகர முடியாது என்பதால், நன்றாக முகர வாயை மூடும். மூச்சு குறுகி, விநாடிக்கு ஐந்து தடவை போல "ஸ்னிஃப் ஸ்னிஃப்" என்று கேட்கும். தாண்டிவந்த இடத்துக்குத் தலை மட்டும் வெடுக்கென்று திரும்பும், கால்கள் இன்னும் முன்னால்தான் போய்க்கொண்டிருக்கும். ஒரு நாய்க்கு வால் விறைக்கும், இன்னொன்றுக்கு வால் வேகமாக ஆடும். ஒரு நாயின் குறியை இன்னொரு நாயில் தேடினால் கிடைக்காது. பல மாதம் அந்த ஒரு முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தவருக்குத்தான் அது தெரியும்.

அந்த நேரத்தில் ஹேண்ட்லர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. நிற்கக் கூடாது, கயிற்றை இறுக்கக் கூடாது, குரல் கொடுக்கக் கூடாது. அதே வேகத்தில் நடந்து, முடிவை நாயிடமே விட வேண்டும். அந்தப் பொறுமை வருவதற்குத்தான் மாதங்கள் ஆகின்றன. பிணைப்பு என்று எழுத வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

காற்றுவாக்கு:
நீளக்கயிறு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: பயிற்சிக் குறிப்பேட்டை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலான பிரிவுகளில் தினசரிப் பதிவு இருக்கும். தேதி, இடம், வெப்பநிலை, காற்று வீசிய திசை, எந்த மாதிரி மருந்து (பயிற்சிக்காக ஒளிக்கும் வெடிமருந்து), எவ்வளவு எடை, ஒளித்துவைத்து எத்தனை நிமிடம் கழித்துத் தேடியது, எங்கே தவறியது என்று எழுதியிருப்பார்கள். பதக்கச் சான்றிதழைவிட இந்த நோட்டில்தான் இருவரும் வளர்ந்த கதை இருக்கிறது.

தவறியவற்றையும் பாருங்கள். மறைக்க வேண்டியதில்லை. இந்த வேலையில் தப்புக்குக் காரணம் பல நேரம் நாயின் மூக்காக இருக்காது. ஹேண்ட்லர் தானே மருந்தை ஒளித்தால், நாய் மருந்தை விட்டுவிட்டு அவர் நடந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடும். அதனால் வேறொருவர் ஒளிக்க வேண்டும், வாசனை பரவ 20 முதல் 30 நிமிடமாவது ஊறவிட வேண்டும், ஒளித்த இடம் ஹேண்ட்லருக்கே தெரியக் கூடாது. கையுறையும் பொட்டலமும் எப்போதும் ஒரே வகையாக இருந்தால் நாய் பிளாஸ்டிக் வாசனையைக் கற்றுக்கொள்ளும். காலி கையுறை, காலி பொட்டலம் இரண்டையும் தனியாக ஒளித்து, அங்கே உட்காராமல் தாண்டிப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

2011-இல் கலிஃபோர்னியாவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாயும் ஹேண்ட்லருமாக 18 ஜோடிகள், 144 தேடல்கள். எந்த அறையிலும் எந்த மருந்தும் இல்லை. ஆனால் இருப்பதாக ஹேண்ட்லர்களிடம் சொல்லி, சில இடங்களில் அடையாளமாகச் சிவப்புத் தாளும் ஒட்டியிருந்தார்கள். மொத்தம் 225 தவறான அறிவிப்புகள் வந்தன. 21 தேடல்கள்தான் தவறில்லாமல் முடிந்தன. சிவப்புத் தாள் இருந்த இடங்களில் தவறு அதிகம். ஹேண்ட்லர் நாயைப் படிப்பது போலவே நாயும் அவரைப் படிக்கிறது. அவர் ஓர் இடத்தில் அரை அடி தயங்கினால் அதற்குத் தெரிந்துவிடும். நெருக்கம் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடலாம். நல்ல ஜோடி என்றால், தான் எதிர்பார்ப்பதை நாய்க்குக் காட்டாமல் நடக்க அந்த மனிதர் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். மலரில் ஒரு பத்தியாவது இதற்கு ஒதுக்குங்கள்.

நூல்கண்டு:
இருவருக்கும் நன்றி. நாளையே குறிப்பேட்டைக் கேட்கிறேன். ஒரு சந்தேகம். ஹேண்ட்லர் விடுப்பில் போனபோது நாய் மூன்று நாள் சாப்பிடவில்லை என்று பிரிவில் எல்லோரும் சொல்கிறார்கள். மலரின் முதல் பக்கத்திலேயே அதைப் போடலாம் என்கிறார்கள். போடலாமா?

கொட்டடி வைத்தியம்:
நான் கால்நடை மருத்துவம் சார்ந்தவன், அந்தப் பார்வையில் சொல்கிறேன். முதல் பக்கத்தில் வேண்டாம். மூன்று நாள் பட்டினியைப் பெருமையாக எழுதினால், படிக்கும் இளம் ஹேண்ட்லர் அதை இயல்பென்று எடுத்துக்கொள்வார். நாளை இன்னொரு நாய் சாப்பிடாமல் கிடந்தால் "அவரைத் தேடுது" என்று சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள்.

வளர்ந்த, நலமான நாய் ஒரு வேளை சாப்பிடவில்லை என்றால் கவனித்தால் போதும். 24 மணி நேரம் தாண்டினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் எச்சில் மட்டும் ஒழுகினால், நிற்கவும் படுக்கவும் முடியாமல் தவித்தால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. இரைப்பை வாயுவால் வீங்கித் தன்னைத் தானே முறுக்கிக்கொண்டிருக்கலாம். ரத்த ஓட்டம் அடைபட்டுச் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போன்ற ஆழமான மார்புக் கூடு உள்ள இனங்களில் அதிகம். லாப்ரடாருக்கும் வரும். நாள் உணவை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது, கடும் வேலைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது உணவு வைக்காமல் இருப்பது, இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்து வைக்கும் அறுவைச் சிகிச்சையை இளம் வயதிலேயே செய்துவிடுவது, இவையெல்லாம் ஆபத்தைக் குறைக்கும் வழிகள்.

ஹேண்ட்லரைப் பிரிந்ததால் சாப்பிடாமல் இருப்பதும் உண்மைதான். அதற்குப் பெரும்பாலும் காரணம், ஒரே கையில் மட்டும் சாப்பிட்டுப் பழகியிருப்பது. ஆரம்பத்திலிருந்தே வாரத்தில் ஓரிரு வேளை மாற்று ஹேண்ட்லர் அதே தட்டில், அதே நேரத்தில், அதே சொல்லோடு உணவு வைத்தால் விடுப்புக் காலம் சிக்கலில்லாமல் போகும்.

உங்களுக்கு வேறொன்று தருகிறேன், எழுதத் தகுதியானது. வேலையில் ஆர்வம் மிகுந்த நாய் தானாக நிறுத்தாது. பரிசாகப் பந்து கிடைக்கும் என்ற நினைப்பில் உடம்பு கொதிக்கக் கொதிக்கத் தேடிக்கொண்டே இருக்கும். சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். கடுமையாக உழைக்கும்போது அதற்கு மேல் போவது சகஜம். ஆனால் 41-ஐத் தாண்டி, நடையும் தள்ளாடினால் உயிருக்கே ஆபத்து. அதற்கு முன்பே நாக்கின் நுனி அகன்று தட்டையாகும், ஈறு செக்கச்செவேல் என்று சிவக்கும், கூப்பிட்டால் திரும்புவது தாமதமாகும். அந்த நிலை வருமுன் தேடலை நிறுத்தச் சொல்லும் துணிவு ஹேண்ட்லருக்கு வேண்டும். மேலதிகாரி அவசரப்படுத்தும் நேரத்தில் "என் நாய்க்கு 15 நிமிடம் ஓய்வு வேண்டும்" என்று சொல்வது எளிதல்ல. உங்கள் ஹேண்ட்லர் எப்போதாவது அப்படிச் சொன்னாரா என்று கேளுங்கள்.

(மலருக்குத் தொடர்பில்லை என்றாலும் இங்கே படிப்பவர்களுக்கு: வெப்பத் தாக்கு வந்தால் முதலில் அந்த இடத்திலேயே உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிவிட வேண்டும், பிறகுதான் வண்டி. ஈரத் துணியைப் போர்த்தி விட்டுவைக்காதீர்கள், சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். 39.5 அளவுக்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும்.)

படிக்கட்டு:
எல்லாம் சரி. ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இப்படி நினைவு மலர் போட்டு, ஒரே ஹேண்ட்லர், ஒரே நாய் என்று புகழ்ந்தால் பிரிவுக்கு நல்லதல்ல. பணி மாறுதல் வந்தால் என்ன செய்வது? வீட்டில் வளர்த்த நாயை வேறொருவர் கையில் கொடுத்தால் அது வேலையே செய்யாது.

நீளக்கயிறு:
படிக்கட்டு ஐயா, ஒப்படைப்பை முறையாகச் செய்தால் வேலை செய்யும். ஒரே நாளில் கயிற்றைக் கை மாற்றுவதுதான் தவறு. முதல் வாரம் புதியவர் கட்டளை எதுவும் சொல்லக் கூடாது. உணவு வைப்பது, சீப்பால் வாருவது, கூண்டைச் சுத்தம் செய்வது, நடத்திக்கொண்டு போவது, இவ்வளவுதான். இரண்டாவது வாரம் பழையவர் கூட நிற்க, எளிதான இடத்தில் ஒளித்துத் தேடவிட்டு, பரிசுப் பந்தைப் புதியவர் தர வேண்டும். மூன்றாவது வாரத்தில் பழையவர் பார்வையிலிருந்தே விலகிவிட வேண்டும். சொற்களைத் துளியும் மாற்றக் கூடாது, "தேடு" என்று பழகிய நாயிடம் "பாரு" என்றால் குழம்பும். நாய் காட்டும் அந்த முதல் குறிகளைப் பழையவர் எழுதியே கொடுக்க வேண்டும். அதை எழுதிக் கொடுக்காமல் போவதால்தான் பல ஒப்படைப்புகள் கெடுகின்றன. நாய் ஒழுங்காகத்தான் சொல்கிறது, புதியவருக்குப் படிக்கத் தெரிவதில்லை.

வீட்டில் வளர்ப்பதும் கெடுப்பதில்லை. வீட்டில் ஆளாளுக்குப் பந்து எறிவதுதான் கெடுக்கிறது. தேடிக் கண்டுபிடித்தால் மட்டும் கிடைக்க வேண்டிய பொருள் நாள் முழுக்கச் சும்மாவே கிடைத்தால் அது ஏன் உழைக்க வேண்டும்? அந்தப் பந்து ஹேண்ட்லரின் பையில் மட்டும் இருக்கட்டும். இன்னொன்று, டென்னிஸ் பந்தின் நார் மணலைப் பிடித்துக்கொண்டு பல்லைத் தேய்த்துவிடும். வழவழப்பான ரப்பர் பந்து நல்லது.

படிக்கட்டு:
மூன்று வாரம் தருவார்கள் என்றால் எனக்கும் சம்மதம். பல இடங்களில் மூன்று நாள்கூடத் தருவதில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நூல்கண்டு:
ஓய்வுக்குப் பிறகான காலத்தையும் எழுத நினைக்கிறேன். ஹேண்ட்லரே தத்தெடுத்துக் கடைசி வரை பார்த்துக்கொண்டார். கடைசியில் எலும்புப் புற்று, வலி தாங்காமல் ஊசி போட்டு விடைகொடுத்தார்கள். இதை எப்படி எழுதுவது, எழுதலாமா என்றே தயக்கம்.

கொட்டடி வைத்தியம்:
எழுதுங்கள். ஒளிக்க எதுவும் இல்லை. வலியை நீட்டாமல் விடைகொடுத்ததும் அவர் செய்த கடமைதான்.

ஓய்வு பெரும்பாலும் 8 முதல் 10 வயதுக்குள் வரும். இடுப்பு மூட்டுத் தேய்மானம், முதுகின் அடிப்பகுதியில் நரம்பு அழுத்தம் இரண்டும் பணி நாய்களில் அதிகம். மருத்துவர் எக்ஸ்-ரே எடுக்குமுன்பே ஹேண்ட்லருக்குத் தெரிந்துவிடும். வண்டியில் தாவி ஏறும் நாய் முன்னங்காலை மட்டும் வைத்துவிட்டு நிற்கும். பின்னங்கால் நகங்கள் தரையில் இழுபட்டு மேற்புறம் தேயும். "எப்போ முதல்ல கவனிச்சீங்க?" என்று கேளுங்கள்.

ஓய்வு பெற்ற நாய்க்கு மிகக் கடினமான நேரம் காலை. அவர் சீருடை போடுவதைப் பார்த்ததும் கதவருகே போய் நிற்கும். விட்டுவிட்டுப் போனால் குரைக்கும், கதவைச் சுரண்டும். இதற்கு எளிய வழி உண்டு. அவர் கிளம்புமுன் பழைய பந்தையோ நாலு உணவு உருண்டைகளையோ வீட்டில் ஒளித்து, பழைய கட்டளைச் சொல்லோடு ஐந்து நிமிடம் தேடவிட வேண்டும். மூக்குக்கு வேலை கிடைத்தால் உடம்பு அடங்கும். மூட்டு தேய்ந்த நாய்க்கும் இது ஆகும், ஓட வேண்டியதில்லை.

இறுதி நாள் பற்றி, இனி இதைச் சந்திக்கப் போகிறவர்களுக்காக விரிவாகச் சொல்கிறேன். தெரிந்த இடத்தில், தெரிந்த விரிப்பில் செய்வது நல்லது. எவ்வளவு சாதுவான நாயானாலும் வலியில் கடிக்கும், கடிப்பதற்கே பழக்கிய நாய் என்றால் சொல்லவே வேண்டாம். அதனால் முதல் ஊசிக்கு வாய்க்கூடு போட்டுவிட்டு, மயக்கம் வந்ததும் கழற்றிவிடலாம். முதல் ஊசி தூக்கத்துக்கு, அது பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். பிறகு ரத்தக் குழாய் வழியே கடைசி மருந்து, ஓரிரு நிமிடத்தில் இதயம் நிற்கும். கண் மூடாது. நின்றுபோன பிறகும் ஒன்றிரண்டு மூச்சு இழுப்பது போல் வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் கழியலாம். இதை ஹேண்ட்லரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் "இன்னும் உயிர் இருந்ததோ" என்ற எண்ணம் ஆண்டுக்கணக்கில் அவரை விடாது. அவர் தலைப்பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும். முடியவில்லை என்று வெளியே நின்றாலும் யாரும் குறை சொல்லக் கூடாது.

அடக்கம் செய்வதில் பலரும் அறியாத ஒன்று: அந்த மருந்து உடலிலேயே தங்கும். ஆழமில்லாத குழியைத் தோண்டி வேறு பிராணிகள் தின்றால் அவையும் சாகும். குறைந்தது 4 அடி ஆழம், கிணற்றையும் ஓடையையும் விட்டு விலகிய மேட்டுப் பகுதி. இல்லையென்றால் எரியூட்டுவது மேல்.

சட்டப்பலகை:
மலரில் ஓரத்தில் போட இரண்டு செய்திகள். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் ஓய்வு பெறும் ராணுவ நாய்களைத் தத்துக் கொடுக்க வழி பிறந்தது. பிரிட்டனில் 2016-இல் கத்திக்குத்துப் பட்டும் குற்றவாளியை விடாத ஃபின் என்ற போலீஸ் நாயின் பெயரால் இயக்கம் நடந்து, 2019-இல் பணி விலங்குகளுக்கான சட்டத் திருத்தம் வந்தது. அதுவரை அப்படித் தாக்குவதைச் சொத்துச் சேதமாகத்தான் பெரும்பாலும் வழக்காக்க முடிந்தது.

காற்றுவாக்கு:
ஹேண்ட்லருக்கு அடுத்த நாய் கொடுத்துவிட்டார்களா? அதையும் கவனியுங்கள். உடனே கொடுப்பதா, காத்திருப்பதா என்பதில் ஒரே விதி கிடையாது, அவரையே கேட்பதுதான் முறை. ஆனால் புதிய நாயில் பழைய நாயைத் தேடுவது நிச்சயம் நடக்கும். வாய் மூடினால் வாசனை என்று பழகியவர், வாலில் குறி காட்டும் நாயைத் தாண்டிப் போய்விடுவார். முதல் சில வாரப் பயிற்சியை வேறொருவர் வீடியோ எடுத்து, இருவரும் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய பெயரைப் புதிய நாய்க்கு வைக்காமல் இருப்பதும் நல்லது.

நூல்கண்டு:
குறிப்பேடு கிடைத்தது. நீங்கள் சொன்ன கேள்வியைக் கேட்டேன், இரண்டு மணி நேரம் பேசினார். ஒரு பத்தி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

"இடப்பக்கக் காது மட்டும் பின்னால் மடங்கினால் வாசனை எட்டிவிட்டது என்று அர்த்தம். பிறகு வாய் மூடும். உட்கார இன்னும் நாலைந்து அடி இருக்கும். அந்த நாலைந்து அடியும் அவர் மூச்சைக்கூட மாற்றாமல் நடப்பார். எஜமானரிடம் கொண்ட அளவற்ற விசுவாசத்தால் அது தன் உயிரையும் பொருட்படுத்தாமல் வெடிகுண்டுகளைத் தேடியது. ஒருபோதும் தவறியதில்லை."

நீளக்கயிறு:
முதல் நாலு வரி அருமை, ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள். கடைசி இரண்டு வரியையும் எடுத்துவிடுங்கள். அதற்கு வெடிகுண்டு என்று தெரியாது, பந்துக்காகவும் அவருக்காகவும் தேடியது. ஆபத்து தெரிந்தே கூட நடந்தவர் அவர். தவறியதில்லை என்பதும் குறிப்பேட்டுக்கு முரண். தவறிய ஒரு நாளை எடுத்து, அதன் பிறகு பயிற்சியில் எதை மாற்றினார்கள் என்று இரண்டு வரி போடுங்கள்.

கொட்டடி வைத்தியம்:
காது மடங்கும் படம் ஏதாவது இருக்கிறதா? பதக்கத்தோடு நிற்கும் படத்தைவிட அதைப் பெரிதாகப் போடுங்கள். அச்சுக்குப் போகுமுன் ஹேண்ட்லரிடம் முழுப் பக்கத்தையும் படித்துக் காட்டுங்கள், குறிப்பாகக் கடைசி நாள் பற்றிய பகுதியை. அவர் வேண்டாம் என்று சொல்லும் வரியை ஏன் என்று கேட்காமல் நீக்கிவிடுங்கள்.

நூல்கண்டு:
செய்கிறேன். குறிப்பேட்டில் காற்று நாயின் பின்பக்கமிருந்து வீசிய ஒரு நாளில் தவறியது பதிவாகியிருக்கிறது. மறுநாளிலிருந்து தேடலைத் தொடங்குமுன் காற்று பார்க்கப் பவுடர் தூவும் பழக்கம் வந்திருக்கிறது. அதையே எடுத்துக்கொள்கிறேன்.